வெள்ளையண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்த கருவி

கொல்லிமலைக்கு வந்த புதிதில், பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் காரணம் கேட்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். "ஏனுங்க!" என்று யாராவது குரல் கொடுப்பார். நான் நின்று, "தபால் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்" என்று ஒழுங்காகப் பதில் சொல்வேன். கூப்பிட்டவர் திகைத்துப் போய் என்னைப் பார்ப்பார். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது கேள்வியே இல்லை, ஆளைக் கூப்பிடும் சொல் என்று. ரங்கூனிலிருந்து நடந்து வந்து இப்போது தஞ்சாவூரிலும் ராமநாதபுரத்திலும் சிதறிக் கிடக்கும் நம்மவர்களில் சிலருக்காவது இது நேர்ந்திருக்கும். பர்மாக்காரன் பேச்சு புரியாமல் போனால் அது வேற்றுமொழி என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். தமிழே புரியாமல் போகும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

நான் ரங்கூனில் பிறந்தவன். மொகல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பார்சிக்காரரின் துப்பாக்கிக் கடையில் பதினோரு வருஷம் விற்பனையாளாக இருந்தேன். மனைவி மா தின் பர்மியப் பெண். யுத்தம் வந்து குண்டு விழத் தொடங்கி ஊரே மூட்டை கட்டியபோது அவளுடைய தாயார் படுக்கையில் கிடந்தார். "நான் முன்னால் போய் ஓர் இடம் பார்த்துக்கொண்டு உன்னை அழைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "யபாடே" என்றாள். பரவாயில்லை, சரி என்று அதற்குப் பொருள். அந்த ஒரு சொல்லை நம்பி நடந்து வந்தேன். அப்பாவின் ஊரில் எனக்கு இடம் இருக்கவில்லை. காளப்பநாயக்கன்பட்டி விவசாயி ஒருவருக்கு மலைமேல் காப்பித் தோட்டம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை தேவை என்றார். ஏறி வந்துவிட்டேன்.

தோட்டத்தை ஒட்டி, மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திருப்புலி நாட்டைச் சேர்ந்த வெள்ளையண்ணனின் நிலம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமையும் கேழ்வரகும் போட்டிருந்தார், மரங்களில் மிளகு ஏற்றியிருந்தார். அந்தப் பக்கத்து எட்டு வீடுகளுக்கும் சேர்த்து லைசென்சு உள்ள துப்பாக்கி அவரிடம் ஒன்றுதான். பன்றிக் கூட்டம் கொல்லைக்குள் இறங்கினால் ஒரே வாரத்தில் வருஷத்துச் சோறு போய்விடும். ஆகவே அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி எல்லாருக்கும் பொது மாதிரி. சண்டை வந்தபின் சீமைத் தோட்டா வருவது நின்றுபோயிருந்தது. எப்போதோ வந்து தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பித்தளைத் தோட்டாக்கூடுகள் முப்பது அவரிடம் இருந்தன. சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்.

நிரப்புவதில் நுணுக்கமான வேலை கேப்பு பதிப்பதுதான். கேப்பு என்பது தோட்டாவின் அடியில் உட்காரும் பொத்தான் அளவு செம்புக் குமிழ். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் அது வெடித்து மருந்தைப் பற்றவைக்கும். வெள்ளையண்ணன் ஒரு கருங்காலிக் கட்டையை அதன்மேல் வைத்து, சுத்தியால் டொக் டொக்கென்று தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"வெள்ளையண்ணே, கேப்பைச் சுத்தியால தட்டலாமா? வெடிச்சா என்ன ஆகும்?"

"ரெண்டு மூணு வருசமாத் தட்டறனுங்க. ஒண்ணும் ஆவுலீங்க."

"இதுக்குன்னே கருவி இருக்கு. அமுக்கினா மெதுவா இறங்கும். சேலத்துல கிடைக்கும். நான் வந்து பார்த்து வாங்கித் தரேன்."

"சரிங்க சாமி" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இந்த மலையில் எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, பேச்சுகூடப் பாதிதான் புரியும். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் ஒன்று இவர்களுக்குத் தேவைப்படுகிறது என்று கண்டபோது உள்ளே ஒரு சந்தோஷம் வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. மறுவாரம் இருவரும் மலையிறங்கி, கரிப்புகை விட்டுக்கொண்டு மேட்டில் ஏற மறுக்கும் பஸ்ஸில் சேலம் போனோம்.

கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று பித்தளையில் செய்தது. மெல்லிய நெம்புகோல், உள்ளங்கைக்குள் அடங்கும். மற்றொன்று எஃகு. பெரிய பாக்குவெட்டி போல இரண்டு நீண்ட பிடிகள், கனம். வெள்ளையண்ணன் சிறியதை எடுத்து இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார்.

"இது கைக்கு எதமா இருக்குதுங்க" என்றார்.

நான் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரங்கூன் கடை மேஜையில் அந்த ஜாதிக் கருவிகள் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன! ஆற்றின் மேற்பகுதியில் தேக்குக் காடுகளில் இருந்த மரக் கம்பெனி ஆட்கள், நெம்புகோல் வளைந்துபோன கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிவார்கள். பார்சி முதலாளி எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்: பட்டணத்துக்காரருக்கு எதை வேண்டுமானாலும் விற்கலாம், தொலைவில் இருப்பவருக்குக் கனமானதைத்தான் விற்க வேண்டும். அவருக்குப் பழுது பார்க்க ஆள் கிடைக்காது. எனக்கு அது வேதவாக்கு. கொல்லிமலையைவிடத் தொலைவு வேறென்ன இருக்கிறது? எஃகுக் கருவியின் அச்சாணியைப் பார்த்தேன், பிடிகளை விரித்து மூடி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஓர் ஆட்டமும் இல்லை. "அண்ணே, இது உங்களுக்கு அப்புறமும் இருக்கும்" என்றேன். "சரிங்க" என்றார்.

அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மூன்று கூடுகளுக்குக் கேப்பு பதித்துக் காட்டினேன். கேப்பு அடியில் போய் முட்டியதும் விரலுக்குத் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் ஒரு நூல்கூட அழுத்தக் கூடாது என்றேன். "சரிங்க." கேப்பு கோணலாக உட்கார்ந்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் வெளியே எடுத்துவிட வேண்டும் என்றேன். "சரிங்க." முகத்தைக் கருவிக்கு நேராக வைக்கக் கூடாது என்றேன். அதற்கும் "சரிங்க." கடையில் வெள்ளைக்காரர்கள் ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பார்கள், எரிச்சலாக இருக்கும். எதையும் கேட்காமல் தலையசைத்த இந்த மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டு எழுந்து வந்தேன். என் விரல்கள் பேனா பிடித்த விரல்கள், கேப்பு முட்டுவது அவற்றுக்குத் தெரியும். மண்வெட்டியும் கொடுவாளும் பிடித்துத் தோல் காய்த்துத் தடித்துப் போன அந்த விரல்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. காப்பிக் கிடங்கில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காய்ந்த மூங்கில் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. பிறகு அவர் மனைவி பொங்காயி கத்துவது கேட்டது. ஓடினேன். வெள்ளையண்ணன் முற்றத்தில் குந்தியிருந்தார். வலது கண்ணைப் பொத்திய கையின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்து முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வேறெங்கும் காயமில்லை. கேப்பு கோணிக்கொண்டு நின்றிருக்கிறது. இறங்கவில்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறார். பித்தளைக் கருவியாக இருந்திருந்தால் அந்த அழுத்தத்துக்கு நெம்புகோல் வளைந்து கொடுத்திருக்கும். நான் தேர்ந்தெடுத்தது வளையவில்லை. பக்கத்தில் கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை.

புளியஞ்சோலைப் பக்கம் இறங்குவதுதான் கிட்டம் என்றார்கள். போர்வையில் டோலி கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். நானும் தோள் கொடுக்கப் போனேன். இறக்கத்தில் என் கால் இரண்டு முறை வழுக்கியதும் ஒருவர், "நீங்க பின்னாடி வாங்க சாமி" என்று சொல்லி என்னை விலக்கிவிட்டார். வழியெல்லாம் பின்னால் நடந்தேன். பர்மா மலைப்பாதையிலும் இப்படித்தான், முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி நடந்தேன். அங்கே விழுந்தவர்களைத் தாண்டிப் போனோம், யாருக்கும் யாரையும் தூக்கத் தெம்பில்லை. இங்கே தூக்க நான்கு பேர் இருந்தார்கள், என்னால்தான் முடியவில்லை. அடிவாரத்தில் மாட்டுவண்டி பிடித்துத் துறையூர், அங்கிருந்து பஸ்ஸில் திருச்சினாப்பள்ளி ஆஸ்பத்திரி. செம்புத் துண்டு கருவிழியைக் கிழித்து உள்ளே போய்விட்டது, அந்தக் கண்ணை எடுத்தால்தான் மற்றக் கண் தப்பும் என்று டாக்டர் சொன்னார். ஒப்புதலுக்குப் பொங்காயி கைநாட்டு வைத்தார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொங்காயி என்னிடம் கேட்டார்.

"அமுக்கப்படாதுன்னு அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க. மூணு தடவை காட்டினேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"சரிங்கன்னு சொன்னார்."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஊடு தேடி வந்தவுங்க என்ன சொன்னாலும் அவரு சரிங்கன்னுதான் சொல்லுவாரு. வெளங்குச்சான்னு நீங்கதான கேட்டிருக்கோணும்?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மா தின் சொன்ன "யபாடே" எனக்குக் கேட்டது. போ என்று சொன்னாளா, போகாதே என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படிச் சொன்னாளா? ஆறு வருஷம் கூடவே இருந்தவளிடம்கூட, நிஜமாகவா என்று நான் திரும்பக் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறவன் நான்.

அந்த வருஷம் பன்றிகள் சாமைக் கொல்லையைத் தின்று தீர்த்தன. துப்பாக்கி கூரையில் சொருகிக் கிடந்தது. எனக்குக் குறிபார்க்கத் தெரியும், ஆனால் லைசென்சு என் பேரில் இல்லை. எட்டு வீட்டாரும் தகரம் தட்டிப் பார்த்தார்கள். நான் என் சம்பளத் தானியத்தில் பாதியைப் பொங்காயி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதை எடுத்துவந்து என் வாசலிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த எஃகுக் கருவியைப் பள்ளத்தில் வீசிவிட எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பொங்காயிதான் குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டார்.

"அதைய எதுக்குங்க வீசறீங்க? அதுக்குப் பதிலா நீங்க கேப்பு போட்டுக் குடுங்க."

அன்று முதல் நான்தான் போடுகிறேன். வெள்ளையண்ணன் இடது தோளில் வைத்து இடது கண்ணால் சுடப் பழகினார். பழக ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. முதலில் தப்பிப்போன பன்றிகளே அதிகம். இப்போது நான்கில் ஒன்று விழுகிறது. என்னிடம் அவர் அந்தக் காலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் மன்னிப்புக் கேட்கலாம் என்று காத்திருக்கிறேன், அவர் இடம் கொடுப்பதில்லை.

சண்டை முடிந்து தபால் போக்குவரத்துத் தொடங்கியபின் போன மாதம் ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. தமிழ் தெரிந்த யாரையோ பிடித்து மா தின் எழுதச் சொல்லியிருக்கிறாள். தாயார் காலமாகிவிட்டார். வீடு பாதி நிற்கிறது. கப்பல் ஓடுகிறது. "வர முடிந்தால் வரவும்" என்று முடித்திருந்தாள். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இந்த முறை திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறேன்: நான் வருவது உனக்கு வேண்டுமா? பதில் இன்னும் வரவில்லை. வேண்டும் என்று எழுதினால், இங்கே கேப்பு போட வேறு ஆள் கிடையாது. வேண்டாம் என்று எழுதினால், நான் இங்கே இருப்பதற்குக் காரணம் இந்த மலையா, வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடிதம் வந்ததை வெள்ளையண்ணனிடம் சொன்னேன். "போறதுன்னா போய்ட்டு வாங்க" என்றார். அவர் அதை எப்படிச் சொன்னார் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் கேழ்வரகுக் கொல்லையில் பன்றித் தடம் கண்டு இருவரும் போய்ப் பாறைமேல் உட்கார்ந்தோம். நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் உட்காருவேன். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது, அதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நேற்று வலப்பக்கம் கிழக்காக இருந்தது. காட்டு விளிம்பு, அதற்குக் கீழே சரிவு, அதற்குக் கீழே துறையூர்ப் பக்கத்துச் சமவெளி, அப்புறம் வெறும் வெளிர்நீலம். அந்த நீலத்துக்கு எங்கேயோ அப்பால் கடலும், கடலுக்கு அப்பால் பாதி நிற்கும் ஒரு வீடும். பன்றி வந்தால் பதினைந்து கஜத்தில் வரும். என் கண் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போய்விட்டது. இழுத்து இழுத்துக் காட்டு விளிம்பில் நிறுத்தினேன். நின்றபாடில்லை.

"அந்தப் பக்கம் ஏதாச்சும் தெரியுதுங்களா சாமி?" என்று வெள்ளையண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலீங்க" என்றேன்.