இரண்டாவது சாவி

என் தங்கையின் சூப்பர்வைசரை நினைத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பெயரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை. இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிகளோடு சலசலவென்று நடப்பதால் தொழிற்சாலையில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். அதுவே போதும்.

தங்கைக்கு முப்பத்தொரு வயது. பத்து வருடம் துணிக்கடையில் பில் போட்டவள், ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு மின்பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். மூன்று வருடப் பயிற்சி. தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்களோடு போட்டி போட்டுக் கேபிள் இழுத்தாள். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு, தேர்வில் தேறினால்தான் லைசென்ஸ். அந்த ஒரு கையெழுத்துதான் மிச்சம்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. எதைக் கழற்றினாலும் முதலில் ஸ்விட்ச் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தி, தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டியதையும் எடுத்ததையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் பூட்டுக்குச் சாவி இரண்டு. "தொலைச்சுட்டு வந்து நிப்பீங்க" என்று இரண்டாவதை வாங்கித் தன் வளையத்தில் கோத்துக்கொள்வார் சாவிக்கொத்து. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

என் தங்கைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மூணுவாட்டி. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் கம்பியில். அப்புறம் மறுபடியும் மின்சாரம் இருக்கும் இடத்தில். "ஆஃப் பண்ணது நீதானே, உன்னையே நம்ப மாட்டியா?" என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று தண்ணீர்ப் பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டியில் வேலை. பூட்டினாள், அட்டை மாட்டினாள், மூன்று முறை பார்த்தாள், மூடியைக் கழற்றினாள். உள்ளே வரும் கம்பியின் முனை கருகியிருந்தது. புது முனை வாங்க ஸ்டோருக்குப் போய்விட்டு வரக் கால் மணி நேரம். ஸ்விட்ச் பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் கை நேரே கம்பிக்குத்தான் போயிருக்கும். இவள் மறுபடியும் டெஸ்டரை எடுத்தாள்.

கம்பியில் வைத்ததும் டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் பூட்டு ஸ்விட்ச் பெட்டியின் மேல் திறந்து கிடந்தது. அவள் பெயர் அட்டையை நாலாக மடித்து அதன் அடியில் செருகியிருந்தார்கள். பூட்டை எடுத்துக்கொண்டு நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

"சார், இதை யாரு திறந்தது?"

"நான்தான். அதே லைன்ல இன்னொரு மெஷின் நிக்குதுன்னு மேனேஜர் கத்துறாரு. உன்னை ஆளையே காணோம். வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"நான் கம்பியைப் பிடிச்சிருந்தா?"

"பிடிக்கலையே! குத்துக்கல்லு மாதிரி முன்னாடி நிக்கிற இல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூட்டை நீயே எடுத்ததா பதிவேட்டுல எழுதிடும்மா. கடைசிப் பக்கத்துல கையெழுத்து வேணும்ல?"

அந்த 'ம்மா' இருக்கிறதே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "எழுதித் தொலைடி. ஒரு வரிக்காக மூணு வருஷம் பாழாப் போகணுமா?" என்றேன்.

அவள் கை நின்றது. "அக்கா, நான் செத்திருந்தா அந்தாளு பதிவேட்டுல என்ன எழுதியிருப்பான்?"

தேய்த்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே பதிலும் சொன்னாள்.

"இதே வரியைத்தான் எழுதியிருப்பான். பூட்டை அவளே எடுத்தான்னு. அதை உசிரோட இருக்கும்போதே நான் எழுதிக் குடுக்கணுமா?"

மறுநாள் நடந்ததை நடந்தபடி, நேரம் போட்டு எழுதினாள். சாவிக்கொத்து கையெழுத்துப் போடவில்லை. 'பாதுகாப்பில் கவனம் போதாது' என்று குறிப்பெழுதி, பயிற்சியை ஆறு மாதம் நீட்டிவிட்டார். பாதுகாப்பாம்! பூட்டைத் திறந்தவர் சொல்கிறார்.

தங்கை அழவில்லை. கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு சிவப்புப் பூட்டு வாங்கி வந்தாள். அடுத்த நாள் காலையில், எல்லோரும் நிற்கும்போது, சாவிக்கொத்து வழக்கம்போல இரண்டாவது சாவிக்குக் கையை நீட்டினார். அவள் அந்தச் சாவியைப் பட்டறை மேசையின் இரும்புப் பிடிகருவியில் வைத்து இறுக்கினாள், ரம்பத்தை எடுத்து நிதானமாக இரண்டாக அறுத்தாள். தலைப்பக்கத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வளையத்துல மாட்டிக்குங்க சார். ஓட்டை அப்படியே இருக்கு."