ஆனி மேகத்துக்கு அள்ளிய உப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, ஒருத்தர் சிபாரிசும் இல்லாமல், முப்பத்திரண்டு வயதில் பத்துப் பாத்தி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். இந்த ஊரில் அப்படி இன்னொருவனைக் காட்டுங்கள், பார்ப்போம். ஆனால் என் மண்டை இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் உப்பு வார இன்னும் பத்து நாள் இருந்தது. பாத்தியில் உப்பு இறுகுமுன் வாரினால் அடிச்சேறும் சேர்ந்து வரும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும், காலையில் மேற்கே ஒரு கறுத்த மேகத்தைக் கண்டதும் மண்டை ஓட ஆரம்பித்தது. மழை வரும், உப்பு கரையும், குத்தகை போகும், பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்கும். மேகம் உப்பளத்தை எட்டுவதற்குள் நான் செத்து, எனக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

"வே, எல்லாத்தையும் வாரச் சொல்லும்" என்றேன் கங்காணியிடம்.

"ஆனி மேகம் அண்ணாச்சி. மலையில பெஞ்சுட்டு வெறுங்கையோட வாரது. இங்கன என்னத்தப் பெய்யப் போவுது?"

"பெஞ்சா நீரா பொறுப்பு?"

உப்புச் சுமக்கிற பெண்ணொருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "ஏளா, பெட்டிய எடு. அண்ணாச்சிக்கு மட்டும் தனியா மழை பெய்யுதாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மதியத்துக்குள் நாலு பாத்தி முடிந்தது. உப்பு சாம்பல் நிறத்தில் கிடந்தது. மேகம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கடலுக்குப் போய்விட்டது.

"மிச்ச ஆறையும் வாரவா?" என்றார் கங்காணி. நாளைக்கு மழை வந்தால் என்றது மண்டை. பல்லைக் கடித்துக்கொண்டு, "விடும்" என்றேன்.

"அப்ப பத்து நாளு இந்தப் பக்கம் வராதீய. மழை வந்தா ஆள் அனுப்புதேன்."

அந்தப் பத்து நாளும் தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடினேன். "இப்படி வானத்தையே பாத்தா கழுத்து சுளுக்காதா?" என்று பெண்டாட்டி திட்டினாள். பத்தாம் நாள் நிஜமாகவே ஆள் வந்தான். "எத்தனை பாத்தி கரைஞ்சுது?" என்றேன்.

"உப்பு வாரலாமாம், வரச் சொன்னாவ" என்றான்.

ஆறு பாத்தியும் கண் கூசுகிற வெள்ளை. நாலு பாத்திச் சேற்று உப்பைக் கருவாட்டுக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கொண்டுபோனார். என் வாழ்க்கையில் எல்லாமே நானாக ஓடியாடிச் சம்பாதித்தது. அந்த ஆறு பாத்தி மட்டும் நான் வீட்டில் சும்மா கிடந்ததால் பிழைத்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது.