பதினைந்து சதுரங்களும் ஒரு கேன் டீசலும்

1. மூடுபனிக்குள் ஒரு திரை

வேலைக்குச் சேர்ந்த அன்று ஜெயந்தி மேடம் என்னை ஒரு பெரிய திரையின் முன்னால் உட்காரவைத்து, "பயப்படாதீங்க புனிதா, முதல்ல சும்மா பாருங்க" என்றார். வெள்ளைத் திரையில் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலை வரைக்கும் சிவப்புச் சதுரங்கள் வரிசையாக இறங்கின. அவற்றைச் சுற்றி மாவு தூவினதுபோல இளஞ்சிவப்பு. எங்கள் ஆய்வகம் குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. அதன் ஜன்னல்கள் சரியாகச் சாத்தாது. மதியத்துக்கு மேல் மூடுபனி உள்ளே வந்து மேஜைக்கடியில் படுத்துக்கொள்ளும். அன்று அந்த வெண்மைக்குள் திரை மட்டும் மிதந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. மேடம் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது.

அது ஒரு தேயிலைச் செடியின் மேப். எமரால்டு ஊருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் அந்தச் செடி நின்றது. உறைபனி விழுந்த காலைகளில் சுற்றியுள்ள செடிகளெல்லாம் கருகிப்போக, அது மட்டும் பச்சையாக நிற்குமாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் மேடம் அதன் டிஎன்ஏ முழுவதையும் படிக்க ஏற்பாடு செய்திருந்தார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏவை இயந்திரம் துண்டு துண்டாகத்தான் படிக்கும். கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டி நீளமாக்கும். அதற்கு அசெம்பிளி என்று பெயர். ஒட்டுவதில் தப்பும் நடக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மேப். செல்லுக்குள் பக்கத்தில் இருக்கிற துண்டுகள் ஒன்றையொன்று அதிகம் தொடும். அதிகம் தொட்ட இடம் மேப்பில் அதிகம் சிவக்கும். எல்லாம் சரியாக அமைந்திருந்தால் சிவப்பு முழுவதும் அந்தச் சாய்ந்த கோட்டை ஒட்டியே நிற்கும். ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருந்தால் அதன் சிவப்பு எங்கோ ஒரு மூலையில் தனியாக நிற்கும். அந்தத் துண்டை மவுஸால் பிடித்து உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். தலைகீழாக இருந்தால் திருப்பிப்போட வேண்டும். தேயிலைக்குப் பதினைந்து ஜோடி குரோமோசோம். ஆகவே வேலை முடிந்தால் பதினைந்து சதுரம் தெரியும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. நாம் நகர்த்துவது படத்தைத்தான். அடியில் இருக்கும் டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. திருத்தங்களை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். எந்தத் துண்டுக்குப் பின்னால் எந்தத் துண்டு என்று அதில் எண்களாக இருக்கும். திருப்பிப்போட்ட துண்டின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அந்த ஃபைலையும் பழைய வரிசையையும் சேர்த்து இன்னொரு புரோகிராமுக்குக் கொடுத்தால் அது புது வரிசையை எழுதித் தரும். நாங்கள் வைத்திருந்த மென்பொருளில், எக்ஸ்போர்ட் செய்கிற வரைக்கும் திருத்தம் என்று எதுவுமே எங்கும் கிடையாது. திரை அணைந்தால் அதோடு சரி.

மாதக்கணக்கில் அந்த மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணை மூடினாலும் அதுதான் வரும். பஸ்ஸில் போகும்போது எதிர்ச்சரிவின் தேயிலைக் காடுகள், வரப்பு வரப்பாக, ஒரு பெரிய கை வந்து நகர்த்திவைக்கக் காத்திருப்பதுபோல் தோன்றும். கனவில் துண்டுகள் சத்தமில்லாமல் வழுக்கிப்போய் இடம் தேடும்.

2. சட்டையில் வாசம் போனது

என் கணவர் சிவராஜ் ஒரு டீ ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் ட்ரையர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அவர் தாத்தா காலத்தில் மலையேறி வந்த குடும்பம். என் பிறந்த வீட்டார் இலங்கை எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அடங்கிவிட்டது. அவர் வீட்டுக்குள் வரும்போதே வறுத்த தேயிலையின் வாசம் முன்னால் வரும். சட்டையைத் துவைத்தாலும் போகாது.

பச்சை இலைக்கு விலை விழுந்துகொண்டே போன வருஷங்கள் அவை. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் பறிப்பதையே விட்டார்கள். பறிக்காமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து வெள்ளைவெள்ளையாகப் பூத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்து ஊரே பயந்தது. இலை வராமல் ஃபேக்டரி சில நாள் மட்டும் ஓடி, கடைசியில் கேட்டைப் பூட்டினார்கள். சிவராஜ் அதற்குப் பிறகும் காலையில் குளித்துக் கிளம்பிப்போய் கேட்டருகே உட்கார்ந்துவிட்டு வருவார். அவர் சட்டையில் சோப்பு வாசம் மட்டும் வர ஆரம்பித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"நீ அங்க போயி அப்படி என்னதான் புள்ள பண்றே?" என்று ஒருநாள் கேட்டார்.

"செடிக்குள்ள இருக்கறத அடுக்கி வெக்கறனுங்க" என்றேன்.

"ம்" என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் ஆய்வகத்தை நடத்திய எஸ்டேட் கம்பெனியும் கையை விரித்தது. அந்தச் செடி நின்ற சரிவைக் கேரட் போட குத்தகைக்கு விட்டு, செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். இன்னொரு முறை இலை எடுக்க இனி வழியில்லை. கையில் இருந்த டேட்டா மட்டும்தான் மிச்சம். ஜெயந்தி மேடம் கோயமுத்தூரில் ஒரு நிறுவனத்தில் பேசி, வேலையை அவர்கள் தொடர்ந்து நடத்தச் சம்மதிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேப்பையும் பழைய வரிசையையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு முன்னாலேயே கீழே இறங்கிப் போயிருந்தார். நான் முடிக்கிற திருத்தங்களின் ஃபைல் மட்டும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

"நாளைக்கு மீட்டிங், புனிதா" என்று ஒருநாள் காலையில் போன் செய்தார். "பாதி மேப்பைக் காட்டினா வேண்டாம்னு சொல்லிடுவாங்க. அந்த நாலாவது குரோமோசோமும் ஒன்பதாவதும்தான் உறுத்துது. முடிச்சிருவீங்களா?"

"முடிச்சர்றேன் மேடம்." எங்கள் வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான். அதையும் மனதில் வைத்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

3. மரம் விழுந்த மதியம்

நாலாவது குரோமோசோமுக்கு உரிய ஒரு பெரிய துண்டு ஒன்பதாவதில் போய் ஒட்டியிருந்தது. அன்று முற்பகல் முழுவதும் அதை வெட்டி, நகர்த்தி, அக்கம்பக்கத்துத் துண்டுகளையும் சரிசெய்தேன். வெளியே ஓயாத மழை. கடைசித் துண்டு போய் உட்கார்ந்ததும் எக்ஸ்போர்ட்டை அழுத்தினேன். சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. மெமரி நிறைந்துபோய் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று புரிந்தது. மவுஸ் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் பெரிதாக ஏதோ முறிந்து விழும் சத்தம். விளக்கு அணைந்தது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

வாட்ச்மேன் பெருமாள் அண்ணன் நனைந்தபடி ஓடிவந்தார். "கற்பூர மரம் ஒயர் மேலயே வுழுந்துருச்சும்மா. இன்னைக்கு கரண்டு வராது."

"ஜெனரேட்டர் போடுங்கண்ணே!"

"டீசல் ஏதும்மா? கம்பெனிதான் வாங்கறதையே நிறுத்திட்டானே."

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சிவராஜுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. "டீசல் வேணுங்க, இப்பவே" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அவரே சொன்னது இது. ஃபேக்டரி ஜெனரேட்டரில் டீசல் இருந்தது அவருக்குத் தெரியும். கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை. முதலாளிக்குப் போன் செய்து, "ஏனுங்க, நான் சிவராஜுங்க. ஒரு கேன் டீசல் எடுத்துக்கட்டுங்களா? ஊட்டுக்காரிக்கு அவசரமா வேணுமுங்க" என்றிருக்கிறார்.  முதலாளி, "எடுத்துக்க சிவராஜ். அதுக்கு இனி என்ன வேலை இருக்குது அங்க" என்றிருக்கிறார். 

சாலையில் மரம் கிடந்ததால் வண்டி வராது. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டும் மழையில் தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் ஏறி வந்தார். பனிக்குள்ளிருந்து முதலில் நீலக் கேன் தெரிந்தது, பிறகு ஆள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேரே ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனார். ரொம்ப நாள் ஓடாத இன்ஜின், குழாயில் காற்று அடைத்திருந்தது. நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

நான் திரையின் முன் நின்றேன். யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்தியது, பிறகு விடாமல் கத்தியது, பிறகு நின்றது. திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் என் முகம் தெரிந்தது.

சற்று நேரத்தில் ஷெட்டில் இன்ஜின் இருமி, பிடித்து, ஓட ஆரம்பித்தது. விளக்கு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். முந்தின நாள் மாலை எக்ஸ்போர்ட் செய்த ஃபைல் பத்திரமாக இருந்தது. இன்றைய ஃபைலுக்குப் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

சிவராஜ் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"என்னாச்சு?"

"காத்தாலருந்து பண்ணுனது போயிருச்சுங்க."

 அவர் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "டீசல் இருட்டற வரைக்கும் ஓடும். மறுக்காப் பண்ணு. நான் இங்கதான் இருக்கறேன்."

மற்ற புரோகிராம்களையெல்லாம் மூடினேன். மேப்பைத் திறந்து, திருத்தாத மூல அசெம்பிளியை ஏற்றி, அதன்மேல் நேற்றைய திருத்தங்களை ஏற்றினேன். சதுரங்கள் மெல்ல எழுந்து வந்தன. சிவராஜ் திரையையே பார்த்தார்.

"இதா அந்தச் செடி?"

"ஆமாங்க. இது நாலாவது. இது ஒன்பதாவது. இதோ மூலைல செவப்பா நிக்குது பாருங்க, இது நாலாவதுக்குச் சேரவேண்டிய துண்டு. இதுல வந்து ஒட்டிக்கிச்சு."

"ஒட்டுனது ஆரு?"

"கம்ப்யூட்டர்தான்."

"அட!" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். காலையில் போன வழியே கை தானாகப் போயிற்று. அந்தத் துண்டை வெட்டுவதற்கு முன், "இங்கருந்து இது வரைக்கும்" என்று அவருக்குக் காட்டுவதற்காகப் பெரிதாக்கினேன். வால்பக்கத்தில் சிவப்பு இரண்டு பக்கமும் விரிந்து வண்ணத்துப்பூச்சி மாதிரி இருந்தது. வால் மட்டும் தலைகீழாக ஒட்டியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காலையில் அது என் கண்ணில் படவில்லை. வாலைத் தனியாக வெட்டித் திருப்பிப்போட்டேன். வண்ணத்துப்பூச்சி மறைந்து, சதுரம் ஓரம் வரைக்கும் நிறைந்தது. என்னையறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் எக்ஸ்போர்ட், ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர். பெயர் யோசிக்க நேரமில்லாமல் டீசல்-1, டீசல்-2 என்று வைத்துக்கொண்டே போனேன். டீசல்-7இல் வேலை முடிந்தது. வெளியே மழை விட்டு, பனியின் பின்னால் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் இருந்தது. ஷெட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பதினைந்து சதுரங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

4. கோயமுத்தூரில்

சாயங்காலத்துக்குள் டவரும் நின்றுபோனதால் ஃபைலை அனுப்ப முடியவில்லை. பென் டிரைவில் எடுத்தேன். சிவராஜ் அதை டீத்தூள் சாம்பிள் போடுகிற பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினோம். பர்லியாறு வரைக்கும் மேகத்துக்குள்ளேயே போனோம். பஸ் ஏதோ வெண்மையில் மிதந்து இறங்குவதுபோல இருந்தது. பிறகு சட்டென்று பாக்குமரமும் வெயிலும் வந்துவிட்டன. அவர் ஒவ்வொரு வளைவிலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மீட்டிங் அறையில் மேடம் அந்த ஃபைலை ஏற்றினார்.  பதினைந்தும் கோட்டின்மேல் இறங்கி நின்றன.

தலைமையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். "நாலும் ஒன்பதும் போன தடவ ஒட்டிக்கிட்டிருந்துதே?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய், எங்கே வெட்டினேன், ஏன் வாலைத் திருப்பினேன் என்று பெரிதாக்கிக் காட்டினேன். முந்தின நாள் ஒருவருக்கு வாய்விட்டுச் சொன்ன விஷயம்தான். ஆகவே நாக்கு தடுமாறவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "எடுத்துக்கலாம்" என்றார். அப்புறம் திரையின் மேல்ஓரத்தைப் பார்த்து, "ஆமா, இதென்னம்மா பேரு, டீசல் ஏழு?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

முதலில் ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது நீண்டது. நாங்கள் கோயமுத்தூருக்கே குடிவந்தோம். சிவராஜ் ஒரு மில்லில் பாய்லர் பார்க்கப் போனார். மலையிலிருந்து இறங்கியது அவருக்கு லேசாக இருக்கவில்லை. முதல் கோடைக்காலம் முழுவதும் தூக்கமில்லாமல் கஷ்டப்பட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். மேப்பில் சரியாகத் தெரிகிறது என்பதாலேயே அது சரியாகிவிடவில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் எக்ஸ்போர்ட் செய்து, மூல அசெம்பிளியோடு சேர்த்துத் திறந்து பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். இன்னொன்று, தனியாக உட்கார்ந்து செய்கிற இந்த வேலை இன்னதென்று வீட்டில் ஒருவருக்காவது விளங்குகிற மாதிரி சொல்லிவையுங்கள். என்றைக்காவது எல்லாம் அழிந்துபோய் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார ஆள் வேண்டும்.