ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே கேன்

என் சித்தப்பா மகன் விருமாண்டி, எனக்குத் தம்பி. அவன் கட்டிக்கொண்டு வந்தவள்தான் சின்னத்தாய். எங்க ஊரில் ரெண்டு வகையறா. அவள் பிறந்தது கீழக்கூட்டம், வாக்கப்பட்டது எங்க மேலக்கூட்டம். தம்பி செத்துப்போன பிறகு ரெண்டு கறவை மாட்டை வைத்தே மகள் அஸ்வினியைப் பசுமலைக் காலேஜுக்கு அனுப்பினாள். ஊர்ப் பால் சொசைட்டியில் எல்லார் பாலையும் அளந்து வாங்கிக் கேனில் ஊற்றி வேனுக்கு ஏற்றுவதும் அவள்தான்.

போன வருஷம் எங்க முத்துப்பாண்டி மகளுக்குக் காதுகுத்து. பிளக்ஸ் அடித்தவன் கீழக்கூட்டத்துத் தாய்மாமன் நல்லகாமன் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டான். கீழக்கூட்டம் மொத்தமும் இலையில் உட்காராமலே எழுந்துபோனது. அதிலிருந்து ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைப்பதில்லை.

அதோடு விட்டார்களா?

"அவய்ங்க பாலும் எங்க பாலும் ஒரே கேன்ல கூடாது" என்றான் நல்லகாமன்.

"எங்களுக்கு மட்டும் ஆசையாக்கும்?" என்றான் முத்துப்பாண்டி.

ஆளுக்கு அரைக் கேன் நின்றது. வீம்புக்குப் பாதிப்பேர் பாலை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள, அதுவும் நாளுக்கு நாள் குறைந்தது. வேன்காரர் சின்னத்தாயிடம் சொல்லிவிட்டார்: "அரைக் கேனுக்கு வண்டி வராதுக்கா. திங்கக்கிழமை நிறையலைன்னா ரூட்டை மாத்திருவாக."

வேன் நின்றால் சொசைட்டிக்குப் பூட்டுதான். அப்புறம் தனியார் வண்டிக்காரன் சொல்வதுதான் விலை. மழைக்காலத்தில் பால் கூடினால் அவன் எட்டிப் பார்க்கவும் மாட்டான். அதை முன்னமே பட்டவர்கள் நாங்கள்.

திங்கட்கிழமை விடிய, சின்னத்தாய் ஒரே ஒரு கேனை நடுவாசலில் வைத்துத் தன் பாலை முதலில் ஊற்றினாள். ரெண்டு கூட்டமும் தூக்குவாளியோடு நின்றதே ஒழிய, ஒருத்தரும் அசையவில்லை.

"அண்ணே, நேத்து டவுனுக்குப் போனியே, எங்க டீ குடிச்ச?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"காளவாசல் டீக்கடையில" என்றான் நல்லகாமன்.

"கொழுந்தனாரே, நீங்க?"

"நானும் அங்கிட்டுத்தான்" என்றான் முத்துப்பாண்டி.

"தனித்தனிக் கேன்ல ஊத்துனாலும் மதுரையில போய் ஒரே தொட்டிதான். ரெண்டு கூட்டத்துப் பாலும் ஒண்ணாக் கலந்து பாக்கெட்டா வருது. அதைக் காசு குடுத்து வாங்கி, ஊதி ஊதிக் குடிக்கிறீக. அங்க வராத ரோசம் இங்க மட்டும் எம்புட்டு வருது!"

முதலில் சிரித்தவள் முத்துப்பாண்டி பெண்டாட்டி பாண்டிமீனா. அவள் நல்லகாமன் உடன்பிறந்தவள். சிரித்தபடியே வந்து வாளியைக் கேனில் கவிழ்த்தாள். அப்புறம் யார் நிற்பது? ஒரு கேன் நிறைந்து இன்னொன்றும் தளும்பும்போது வேன் ஹாரன் கேட்டது.

கடைசியாக வந்த நல்லகாமன், "ஊத்துறேன். ஆனா மாப்ள, அடுத்த பிளக்ஸ்ல என் படம் பெருசா இருக்கணும்" என்றான்.

இந்தத் தையில் சொசைட்டித் தேர்தல். சின்னத்தாயை எதிர்த்து ஒருத்தரும் நிற்கவில்லை. அவள் தலைவியானதும் பால் குளிரூட்டும் தொட்டி வந்தது. இப்போது பக்கத்து ஊர்ப் பாலும் எங்க ஊருக்கு வருகிறது. தொட்டி திறந்த அன்று அவள் போட்ட டீயை ரெண்டு கூட்டமும் கேட்டு வாங்கிக் குடித்தது. வாசல் பிளக்ஸில் சின்னத்தாய் ஆளுயரத்துக்கு நின்றாள். அவளுக்குக் கீழே நல்லகாமனும் முத்துப்பாண்டியும் ஒரே அளவு. நூல் பிடித்து அளந்த பிறகுதான் அச்சடிக்க விட்டார்களாம்.