கழுத்தில் மாட்டிய டேப்

என் மருமகன் ராஜ்கமலுக்குக் கட்டிங் மாஸ்டர் ஆக வேண்டும். வேலை பழக வேண்டாம், மாஸ்டர் மட்டும் ஆக வேண்டும். சொந்த அண்ணன் மகன், அதனால் பெண்ணைக் கொடுத்துத் தொலைத்தேன். விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்ததும், நான் நூல் பிசிர் வெட்டும் பனியன் கம்பெனியிலேயே துணி வெட்டும் கட்டிங் மேசையில் அவனை ஹெல்ப்பராகச் சேர்த்துவிட்டேன்.

துணி விரிக்கச் சொன்னால் முதுகு வலிக்கும். ரோல் தூக்கச் சொன்னால் டீக்கடையில் இருப்பான். ஆனால் முதல் வாரமே அளவு டேப் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"ஏண்டா, மாட்டுக்குக் கயிறு போட்ட கணக்கா அது எதுக்கு?"

"ஒனக்கென்ன தெரியும் அத்தே. மாஸ்டர்னா ஒரு கெத்து வேணும்."

டாலர் இறங்கி ஆர்டர் குறைந்துபோன வருஷம் அது. கட்டிங் மாஸ்டர் தண்டாயுதபாணி மகள் கல்யாணத்துக்கு மடத்துக்குளம் போயிருந்தார். முதலாளி கிட்டுசாமி இவனைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இந்த ஆர்டரை நீ வெட்டிப்போடுவியா? நல்லா வந்துச்சுன்னா நீயும் மாஸ்டர்தான். துணிய அவுத்து ஆறப்போட்டுத்தான் வெட்டோணும், தெரியுமல்ல?"

"அதெல்லாம் தெரியும் மொதலாளி."

பனியன் துணி இழுத்துச் சுற்றி வருவது. ரோலைப் பிரித்து ஒரு ராத்திரி சும்மா போட்டால்தான் தன் அளவுக்குச் சுருங்கும். அத்தனை ரோலையும் குனிந்து நிமிர்ந்து பிரிக்க வேண்டும். இவன் பிரிக்கவில்லை. காலையில் வந்து நேரே விரித்து வெட்டிவிட்டான்.

"பாத்தியா அத்தே, ஒரே நாள்ல முடிச்சிட்டேன். அந்த மாஸ்டர் பெருசுன்னா ரெண்டு நாள் இழுக்கும்!"

தைத்த சட்டை என் கைக்கு வந்தது. சாம்பிள் சட்டை மேல் வைத்தேன். நாலு விரல் குட்டை. அடுத்ததும் குட்டை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த மாஸ்டர் ஒரு சட்டையை இழுத்துப் பார்த்தார். "ஆறப்போட்டியா சாமி?"

இவன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். முதலாளி வாசலைக் கை காட்டினார். மாஸ்டர்தான் தடுத்தார்.

"உடுங்க. நாளைக்கு வெள்ளன வந்து எங்கூட ரோல் அவுக்கட்டும். மொதல்ல இருந்து பழகட்டும்."

மறுநாள் எழுப்பினேன். "எந்திரிடா. இந்தக் காலத்துல எவன் இப்படிக் கூப்புடுவான்?"

"மாஸ்டரா நின்னவன் திரும்ப ரோல் தூக்கவா? செல்போன் கடை போடலாம்னு பாக்குறேன் அத்தே."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். டேப் இன்னும் கழுத்தில்தான் கிடந்தது. என் மகள் நதியா இரண்டு தூக்குவாளியில் சோறு கட்டி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கம்பெனியில் மாஸ்டர் தனியாக ரோல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மருமவன் வரலீங்களா?"

"வரமாட்டான்யா. வேற ஆளப் பாத்துக்கங்க."