ஒரு செங்கல் உயரப் பிழை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொட்டச் சொட்ட நனைந்தபடி என் மனைவி பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தாள். செமினியிலிருந்து புறப்பட்டு, காஜாங்கில் பஸ் மாறி, கடைசியில் மினி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். இரண்டு வாரம் தங்குவதாகச் சொல்லிப் போனவள் பாதியிலேயே திரும்பிவிட்டாள். போகும்போது கையில் பெரிய கறுப்புக் குடை இருந்தது. வரும்போது இல்லை.

"என்ன ஆச்சு? மாலதி எங்கே?"

"முதல்ல துண்டு குடுங்க."

மாலதி எங்கள் மகள். பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பட்டமளிப்பு விழாப் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, வருடவாரியாக ஒட்டி வைப்பது என் பழக்கம். எழுபதுகளின் படங்களில், இன்ஜினியரிங் வரிசையில் பெண் முகத்தைத் தேடத்தான் வேண்டும். இப்போது தேடாமலே தெரிகிறது. ஆனால் எண்ணி முடிக்க ஒரு கை போதும்.

மற்ற பெண்கள் எங்கே போனார்கள்? பரீட்சையில் தோற்றா போனார்கள்? மாலதி வகுப்பில் இன்னொரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி. நில அளவை முகாம் என்றதும் வீட்டில் மறுத்துவிட்டார்கள், கணக்கியலுக்கு மாறிவிட்டாள். முகாமுக்குப் போகாமல் இறுதியாண்டுக்குப் போக முடியாது.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "பையன்களோட காட்டு மேட்டுல சுத்தறதா? நான் கூட வரேன். இல்லன்னா படிப்பே வேணாம்" என்றாள் என் மனைவி. நானும் வாயைத் திறக்கவில்லை. முகாம் நடந்த செமினியிலேயே அவள் தங்கை வீடு இருந்தது வசதியாகப் போயிற்று. ராத்திரி இருவரும் அங்கே தங்குவது, பகலில் அம்மா குடையோடு காவல் என்று ஏற்பாடு. அளவைக் கருவிமேல் வெயில் படாமல் குடை பிடிக்க எப்படியும் ஓர் ஆள் வேண்டும் என்பதால் விரிவுரையாளரும் சரி என்றார்.

பிறகு நடந்தது, அவள் சொன்னபடி, இதுதான். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்துகொண்டே ஒரு வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். தொடங்கிய உயரமும் முடித்த உயரமும் ஒன்றாக வந்தால்தான் வேலை சரி. மாலதி தொலைநோக்கி வைத்த கருவியில் பார்க்கிறாள். சுரேஷ் என்ற பையன் நெட்டை அளவுக்கோலைப் பிடிக்கிறான். சாக்கடையோரம் அடித்த ஒரு முளைமேல் கோலை நிறுத்தி அளந்தார்கள். அடுத்து மாலதி கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறாள். அவள் மறுபடி பார்க்கும்வரை கோல் அதே முளைமேல் நிற்க வேண்டும்.

"ஆன்டி, கொஞ்சம் பிடிங்க. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

ஆன்டி பிடித்தாள். கீழே பார்த்தாள். சேறு! படிக்கிற சாமான் சேற்றில் நிற்கலாமா? வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையில் மகளின் புத்தகங்களுக்குப் பொட்டு வைக்கிற கை அது. கோலின் அடியைத் துடைத்து, பக்கத்தில் கிடந்த செங்கலை முளைமேல் வைத்து, அதன்மேல் கோலை நிறுத்திவிட்டாள். திரும்பி வந்த சுரேஷ் கீழே பார்க்காமலே கோலை வாங்கிக்கொண்டான்; மாலதியும் அப்படியே அளந்துவிட்டாள்.

சாயங்காலம் கணக்குப் போட்டார்கள். உயரம் ஒத்து வரவில்லை.

"பொண்ணுங்க கருவி பார்த்தா இப்படித்தான்லா" என்றான் சுரேஷ். "பேசாம நீயும் கணக்கியலுக்குப் போயிடு."

எல்லோரும் சிரித்தார்கள். மாலதி சிரிக்கவில்லை.

"நான் சரியாத்தான் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு செங்கல் உயரம் எங்கேயோ குறையுது."

என் மனைவி முன்னால் வந்தாள். "செங்கலா? அது... நான்தான் வெச்சேன்."

மாலதி அம்மாவைத் திட்டவில்லை. சுரேஷைப் பார்த்துச் சொன்னாள்: "கோலை விட்டுட்டுப் போனது நீ. நாளைக்குக் காலையில முதல்ல இருந்து அளக்கிறோம்."

"ஐயோ, மறுபடியுமா? வெயிலு மண்டையைப் பொளக்குது!"

"முடியலன்னா கோலைக் குடு. அம்மா பிடிப்பாங்க. இப்போ அவங்களுக்குத்தான் உன்னைவிட நல்லாத் தெரியும்."

மறுநாள் முழுச் சுற்றையும் அளந்தார்கள். கோலை சுரேஷ்தான் பிடித்தான், இந்த முறை குனிந்து பார்த்து. உயரம் ஒத்து வந்தது. அன்றைக்கே என் மனைவி பையைக் கட்டிவிட்டாள்.

"அவ பார்த்துக்குவா. நான் அங்கே இருந்தா செங்கல்தான் வெச்சுக்கிட்டு இருப்பேன்" என்றாள் தலையைத் துவட்டியபடி.

பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம். கூடவே அன்பாக ஆளுக்கொரு செங்கலும் வைக்கிறோம். அப்புறம் கணக்கு ஏன் ஒத்து வரவில்லை என்று கேட்கிறோம்! மாலதி முகாமை முடிப்பாள். இறுதியாண்டுக்கும் போவாள். இனி எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

"அது சரி, குடை எங்கே?" என்று கேட்டேன்.

"அந்த சுரேஷ் கையில குடுத்துட்டு வந்தேன். கோல் பிடிக்காத நேரத்துல அவன்தான் மாலதிக்குக் குடை பிடிக்கிறான்."