நாற்பத்தொன்றாம் குப்பி

அரை எலுமிச்சம்பழத்தின் முதுகிலும் தேதி எழுதி ஒட்டிவிட்டுத்தான் என் நாத்தனார் ஃபிரிட்ஜை மூடுவார். பால், வெண்ணெய், மிச்சச் சோறு, எதுவும் தப்பாது. "தேதி போடாத சாமான் அநாதைம்மா." முப்பத்தைந்து வருடம் குழந்தைகளின் காய்ச்சலுக்கு மருந்து தேடியவர், ஓய்வுபெற்றதிலிருந்து என் சமையலறைதான் அவருக்கு ஆய்வகம். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் நெற்றியில் எங்கள் கல்யாணத் தேதியை ஒட்டிவைத்தேன். "வாங்கின தேதி சரி. தயாரான தேதி எங்க?" என்று கேட்டார் நாத்தனார், சிரிக்காமல்.

வேலையிலும் அதே கெடுபிடிதானாம். நோயாளிக் குழந்தைகளின் ரத்தத்தை எண் போட்ட குப்பிகளில் உறையவைத்திருப்பார்கள்; ஒருமுறை உருகினால் பரிசோதனைக்கு ஆகாது. யாராவது குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் போச்சு. "கையில வெச்சுக் கொஞ்சாதீங்க, உருகிடும்!" என்று கூரை பறக்கக் கத்துவாராம்.

கண்டுபிடித்த மருந்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நாற்பத்தொன்றாம் குப்பிக்கு ரத்தம் கொடுத்த குழந்தையைப் பற்றி மட்டும் அவராகவே சொல்வார். நான்கு வயதுப் பெண்குழந்தை. ஊசி குத்தும்போது அழாமல் இவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டதாம். "நாளைக்கும் நீங்கதான வருவீங்கன்னு கேட்டுச்சு. நான் போனேன். அது இல்ல." மருந்துக்கு வழி அந்த ரத்தத்தில்தான் கிடைத்தது, ஒன்பது வருடம் கழித்து. இதைச் சொன்ன அன்றெல்லாம் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கும்தான்.

போன வாரம் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. இடம் போதவில்லை, பழைய குப்பிகளை அழிக்க வேண்டும், அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எலுமிச்சம்பழத்துக்குத் தேதி போடுகிறவர், அந்தக் கடிதத்தில் தேதி போடாமல் மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தார்.

"மனசு வரலைன்னா முடியாதுன்னு எழுதிடுங்கக்கா" என்றேன்.

"இடம் இல்லைன்னா, இப்ப வர்ற குழந்தைங்களோடத எங்க வெப்பாங்க?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன்.

கையெழுத்துப் போட்டார். உறைபெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. அங்கு வேலை பார்க்கும் பெண் எண்களைப் படித்துப் படித்து, குப்பிகளை எரிக்க அனுப்பும் பையில் போட்டுக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்று என்றதும் அக்கா கையை நீட்டினார்.

"இத மட்டும் கொடும்மா. நான் போடறேன்."

சுண்டுவிரல் அளவுக் குப்பி, பனி மூடியிருந்தது. அவர் அதைப் பையில் போடவில்லை. கையுறை போட்ட இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திக்கொண்டு, அது உருகும்வரை அப்படியே நின்றார்.